பதினெட்டு சதவீத உப்பளம்

எந்தப் படத்துக்கும் வயதைக் கூட்ட எனக்கு நான்கு நிமிடம் போதும். பெருமைக்காகச் சொல்லவில்லை, தூத்துக்குடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கல்யாண ஆல்பம், கருவாட்டு பாக்கெட், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று எதை எடுத்தாலும், அதன்மேல் சுண்ணாம்புச் சுவர் மாதிரியோ துருப்பிடித்த தகரம் மாதிரியோ ஒரு சொரசொரப்பு தெரிந்தால் அது பெரும்பாலும் என் கைவேலைதான். என் பெயர் சண்முகக்கனி. கம்ப்யூட்டரில் படங்களுக்கு டெக்ஸ்சர் செய்வது என் தொழில்.

டெக்ஸ்சர் என்றால் பயந்துவிடாதீர்கள். காய்ந்த உப்பளத்துத் தரையைப் படம் பிடித்து, அதன் நிறத்தை உறிஞ்சிவிட்டால் சாம்பல் மிஞ்சும். அதைச் சதுரமாக வெட்டி, வலது ஓரம் இடது ஓரத்தோடும் மேல் ஓரம் கீழ் ஓரத்தோடும் பொருந்தும்படி தையலை மறைத்துவிட்டால், தரைக்கு டைல்ஸ் பதிப்பது போல எத்தனை முறை வேண்டுமானாலும் பதித்துக்கொண்டே போகலாம். அதைப் படத்தின்மேல் கண்ணாடித்தாள் விரிப்பது போல ஒரு லேயராகப் போட்டு ‘ஓவர்லே’ என்று வைத்தால், சதுரத்தில் கறுப்பாக உள்ள இடம் படத்தை இன்னும் கறுப்பாக்கும், வெளுத்த இடம் இன்னும் வெளுப்பாக்கும், நடுத்தரச் சாம்பல் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். கடைசியாக அடர்த்தியைப் பதினெட்டு சதவீதத்துக்கு இறக்க வேண்டும். இருபதைத் தாண்டினால் முகத்தில் சொறி வந்த மாதிரி இருக்கும். பதினைந்துக்குக் கீழே போனால் போட்டும் பிரயோஜனமில்லை.

என் கோப்பில் லேயர்களை நான் ஒருபோதும் ஒன்றாக ஒட்டமாட்டேன். வாடிக்கைக்காரருக்கு ஒட்டிய படம் போகும். லேயர் லேயராகப் பிரிந்த மூலக் கோப்பு என்னிடம் அப்படியே இருக்கும். ‘கொஞ்சம் பழசு குறைச்சுப் போடுங்கக்கா’ என்று பத்து வருடம் கழித்து வந்து நிற்கிறவர்களும் உண்டு.

என்னுடைய முதல் டெக்ஸ்சரின் பெயர் உப்பளம்-1. என் மகள் பிறந்த வாரத்தில் செய்தது, 2033-ல். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு கையால் மவுஸைப் பிடித்துத் தையலை மறைத்தேன். முடித்துவிட்டுப் பார்த்தால், எங்கே ஆரம்பிக்கிறது எங்கே முடிகிறது என்று எனக்கே தெரியவில்லை, அத்தனை சுத்தம். பக்கத்தில் மை டப்பி இருந்தது. பிள்ளையின் இடது கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்துவிட்டு, அந்த வேகத்திலேயே டெக்ஸ்சரின் இடது பக்கம் கீழேயும் ஒரு சின்ன வட்டம் வைத்தேன். சுற்றியுள்ள சாம்பலைவிட ஒரே ஒரு இழை கறுப்பு. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கும். தொழில் தெரிந்தவன் யாராவது பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வான், ஏனென்றால் திரும்பத் திரும்பப் பதிக்கிற சதுரத்தில் ஒரு அடையாளம் விடுவது இந்தத் தொழிலில் முதல் தப்பு. எனக்கும் அது தெரியும். இருந்தாலும் கண்பட்டுவிடுமே என்று வைத்தேன். அதன்பின் செய்த எதிலும் வைக்காமல் விட்டதில்லை.

உப்பளம்-1-ஐ யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டேன். நாற்பது லட்சம் பேர் எடுத்துக்கொண்டார்கள்.

போன ஆவணி மாதம், ஒரு முற்பகலில், அட்வகேட் பல்கீஸ் என் வீட்டுக்கு வந்தாள். காயல்பட்டினத்துக்காரி, முப்பது வயதிருக்கும், இலவச சட்ட உதவி மையத்தில் வேலை. கறுப்புக் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பேச்சை வளர்க்காமல் டேப்லெட்டை நீட்டினாள்.

“இந்தப் படத்துல என்ன தப்புன்னு பாத்துச் சொல்லுங்கக்கா.”

படத்தில் ரசாயனக் கிடங்கு ஒன்று. நீல நிற டிரம்கள் வரிசையாக நிற்கின்றன. காக்கிச் சட்டை போட்ட ஒரு காவல்காரர் டிரம்மில் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருக்கிறார். பின்சுவரில் மணி மூன்று நாற்பது.

“இவர் பேரு ஜெயசீலன்,” என்றாள் பல்கீஸ். “அன்னைக்கு மூணே முக்காலுக்கு அந்தக் கிடங்கு எரிஞ்சு ரெண்டு பேர் செத்துப்போனாங்க. இவரு பீடியாலதான்னு கேஸ். முதலாளி தரப்பு குடுத்த ஒரே சாட்சி இந்தப் படம். மெய்மானி தொண்ணூத்தொம்பது குடுத்திருக்கு.”

மெய்மானியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். யார் முகத்தையும் யார் உடம்பிலும் ஒட்டவைத்து எந்த இடத்திலும் நிற்கவைக்கலாம் என்று ஆனபிறகு, படத்தை யாரும் நம்பாமல் போனார்கள். அப்போது வந்த இயந்திரம் அது. எந்தப் படத்தைக் கொடுத்தாலும் நூற்றுக்கு இத்தனை உண்மை என்று எண் சொல்லும். அறுபதுக்கு மேல் என்றால் தாலுகா அலுவலகம் ஏற்கும். தொண்ணூற்றைந்துக்கு மேல் என்றால் நீதிமன்றம் மறு பேச்சு பேசாது.

“மெய்மானி சொன்னபிறகு நான் என்னம்மா சொல்ல முடியும்?”

“மெஷின் மூஞ்சியப் பாக்காதுக்கா. பொடியப் பாக்கும். நிஜக் கேமராவுல எடுத்தா படத்துல பொடிப்பொடியா ஒரு சொரசொரப்பு விழும்ல, அது இருக்கா, ஒழுங்கா இருக்கான்னுதான் பாக்கும். பொடியப் பத்தி இந்த ஊர்ல உங்கள விட யாருக்குத் தெரியும்? ஜெயசீலன் பீடியத் தொட்டதே இல்லைங்காரு. அடுத்த மாசம் தீர்ப்பு. பத்து வருஷம் போட்டுருவாங்க.”

படத்தை வாங்கி என் திரையில் போட்டேன். கண்ணால் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. சோற்றுக்குள் கல்லைத் தேடுகிற வழியைத்தான் கையாண்டேன். படத்தை நான் வழக்கமாக வெட்டுகிற அளவிலேயே சதுரங்களாக நறுக்கி, எல்லாவற்றையும் சீட்டுக்கட்டு போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சராசரி எடுத்தேன். இப்படிச் செய்தால் டிரம்மும் மனிதனும் கலங்கிக் கரைந்துபோவார்கள். ஒவ்வொரு சதுரத்திலும் ஒரே இடத்தில் எது இருக்கிறதோ, அது மட்டும் கரையாமல் மிஞ்சும். நிஜக் கேமராவின் பொடி என்றால் எதுவும் மிஞ்சக் கூடாது.

மிஞ்சியது. காய்ந்த உப்புத் தரையின் வெடிப்புகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. இடது பக்கம் கீழே, ஒரு சின்ன வட்டம்.

என் மகளின் கன்னத்தைப் பார்த்த மாதிரியே இருந்தது.

“என்னக்கா, முகம் ஒரு மாதிரி ஆயிட்டு?”

“இது என் பொட்டும்மா,” என்றேன். “பொய்ப் படம். மேல என்னோட டெக்ஸ்சரப் போட்டிருக்கான். அளவக்கூட மாத்தல, சோம்பேறி.”

பல்கீஸ் எழுந்து நின்றேவிட்டாள். நான் உட்காரச் சொன்னேன். ஏனென்றால் அவளுக்கு வந்த சந்தோஷம் எனக்கு வரவில்லை. இந்தப் பொடிக்கு இயந்திரம் ஏன் தொண்ணூற்றொன்பது கொடுத்தது என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

நாங்கள் குடியிருப்பது பழைய அளத்தெரு. ஒரு காலத்தில் உப்பளமாக இருந்து, கைவிடப்பட்டு, ஆட்கள் மெல்ல மெல்ல வீடு கட்டிக்கொண்ட புறம்போக்கு. இருநூற்றுப் பதினான்கு வீடுகள். கணவர் கப்பல் வேலைக்குப் போய் வேறு துறைமுகத்தில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டபின், மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு நானும் இங்கேதான் வந்து சேர்ந்தேன். ரேஷன் கடைக்கும் வில்சன் அண்ணாச்சி வீட்டுக்கும் நடுவில் என் வீடு. 2045-ல் அரசாங்கம் ஒரு அறிவிப்பு கொடுத்தது. 2030-க்கு முன்பே வீடு இருந்தது என்று பழைய படம் காட்டினால் பட்டா. தெருவே கூத்தாடியது. போனில் இருந்த பழைய படங்களையெல்லாம் தேடி எடுத்துக் கொடுத்தார்கள்.

மெய்மானி அத்தனையையும் தள்ளிவிட்டது. படங்கள் எல்லாம் உண்மைதான், ஆனால் பதினைந்து இருபது வருடமாக போனுக்குப் போன் அனுப்பி அனுப்பி, ஒவ்வொரு தடவையும் சுருங்கிச் சுருங்கி, பொடியெல்லாம் உதிர்ந்து வழவழவென்று ஆகியிருந்தன. வழவழப்பாக இருந்தால் பொய் என்பது இயந்திரத்தின் முடிவு. வில்சன் அண்ணாச்சி கொடுத்த படத்துக்கு இருபத்திரண்டு வந்தது. 2027-ல் அவர் மகளுக்கு மாதா கோயிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுத்த அன்று எடுத்த படம். பிள்ளை வெள்ளை கவுனில் மெழுகுவத்தியோடு நிற்கிறது. பின்னால் அண்ணாச்சியின் ஆஸ்பெஸ்டாஸ் வீடு, அதற்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட ஒரு மீன்பிடி வள்ளம், அதற்கும் அந்தப் பக்கம் ரேஷன் கடை. இதைவிட உண்மையான படத்தை நான் பார்த்ததில்லை. அண்ணாச்சி அதைக் கையில் வைத்துக்கொண்டு தாலுகா அலுவலக வாசலில் நின்று அழுதார்.

நான்தான் வழி சொன்னேன். உதிர்ந்த பொடியைத் திரும்பத் தூவினால் போயிற்று. இருநூற்றுப் பதினான்கு படங்களுக்கும் உப்பளம்-1, ஓவர்லே, பதினெட்டு சதவீதம். மெய்மானி அறுபத்தொன்று, அறுபத்திரண்டு என்று அரைமனதாகக் கொடுத்தது. எல்லோருக்கும் பட்டா வந்தது. தெருவில் எனக்கு மாலை போட்டார்கள்.

இதையெல்லாம் பல்கீஸிடம் சொன்னேன். அவள் பேனா மூடியைக் கடித்துக்கொண்டே கேட்டாள்.

“அந்தப் படங்க எல்லாம் சர்க்கார் ரெக்கார்டுக்குப் போச்சுல்லா?”

“போச்சு.”

“அப்போ விஷயம் முடிஞ்சுதுக்கா. மெஷின் வருஷா வருஷம் படிக்கும். ரெக்கார்டுல ஏறின படத்த எடுத்து, ‘உண்மைன்னா இப்படித்தான் இருக்கும்’னு அதுக்கு ஊட்டுவாங்க. உங்க தெருப் படத்த வச்சு இந்த மாவட்டத்துக்குப் படிச்சிருக்கும், அங்கேருந்து மாநிலத்துக்குப் போயிருக்கும். அன்னைக்கு அறுபத்தொண்ணு குடுத்த மெஷின் இன்னைக்கு இந்தப் பொடியப் பாத்தா தொண்ணூத்தொம்பது குடுக்கு. இது தெரிஞ்ச எவனோ முதலாளிக்கு வேலை செஞ்சு குடுத்திருக்கான்.”

“பொடி திரும்பத் திரும்ப வருதுன்னு மட்டும் கோர்ட்டுல காட்டினா போதாதா? எங்க தெரு எதுக்கு?”

“போதாதுக்கா. ‘இது சரிபாக்கப்பட்ட பொடி, சர்க்கார் ரெக்கார்டுலயே இருக்கு’ன்னு எதிர்த்தரப்புல ஒரே வார்த்தைல முடிச்சிருவாங்க. ரெக்கார்டுக்குள்ள அது எப்படிப் போச்சுன்னு, போட்ட ஆளே வந்து சொன்னாத்தான் ஜெயசீலன் வெளிய வருவாரு.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “சொன்னா உங்க தெரு பட்டாவெல்லாம் திரும்ப விசாரணைக்குப் போகும். அதையும் மறைக்காமச் சொல்லிருதேன்,” என்றாள்.

அவளிடம் பிடித்தது அதுதான். “எதையும் முடிவு பண்றதுக்கு முன்ன அந்த ஆள நான் பாக்கணும்,” என்றேன்.

சிறையில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஜெயசீலன் வந்து உட்கார்ந்தார். பதினான்கு மாதமாக உள்ளே இருக்கிறார். படத்தில் இருந்ததைவிடப் பாதி ஆளாக இருந்தார்.

“நீங்கதான் பொடி போடுத அக்காவா?” என்று கேட்டார். “வக்கீலம்மா சொன்னாங்க.”

“பீடி புடிப்பியளா?”

“தொட்டதில்லக்கா. பாக்கு மட்டும் போடுவேன்.” பல்லைக் காட்டினார், சிவந்திருந்தது. “ஆனா தொண்ணூத்தொம்பதுன்னு சொன்ன பிறகு எம் பொண்டாட்டியே வந்து கேட்டா, ‘ஒரு நாளாவது புடிச்சியளா, உள்ளதச் சொல்லுங்க’ன்னு. அவளையும் தப்பு சொல்ல முடியாது. அந்தப் படத்த நானும் தினம் நெனச்சு நெனச்சுப் பாக்கேன். இப்ப எனக்கே சந்தேகமாத்தான் இருக்கு. ஒருவேள புடிச்சிட்டு மறந்துட்டமோன்னு.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு மனிதனுக்குத் தன் உதட்டின்மேலேயே சந்தேகம் வரவைத்திருக்கிறார்கள், அதுவும் என் சரக்கைத் தூவி. பஸ்ஸில் திரும்பி வரும்போதே முடிவு செய்துவிட்டேன். முடிவெடுக்க நான் நாள் நட்சத்திரம் பார்க்கிறவள் இல்லை. தெருவிடம் சொல்லிவிட்டுச் செய்வதா, செய்துவிட்டுச் சொல்வதா என்பதில் மட்டும்தான் யோசனை இருந்தது. ஒரே தெருவில் தண்ணீர் பிடிக்கிறவர்களிடம் சொல்லாமல் செய்வது சரியில்லை என்று பட்டது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரேஷன் கடை முன்னால் தெருவைக் கூட்டினேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் நாலு பக்கமும் சத்தம் கிளம்பியது. யாரோ ஒரு காவல்காரனுக்காக இருநூற்றுப் பதினான்கு குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்துவாளா என்று ஒருத்தி கேட்டாள். மாலை போட்ட கையால் அடிக்கவும் தெரியும் என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னார். அவருக்கு நான் போன மாதம்தான் பேரன் காதுகுத்து பேனர் செய்து கொடுத்திருந்தேன்.

வில்சன் அண்ணாச்சி எழுந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர், தெருச் சங்கத் தலைவர். அவர் எழுந்தால் மற்றவர்கள் உட்காருவார்கள்.

“எம்மா கனி, நாம யாரும் பொய் சொல்லலயே?” என்றார். “எம் பிள்ள புதுநன்மைப் படம் உண்மை. அந்தா நிக்கானே இருதயம், அவன் கல்யாணப் படம் உண்மை. மேல போட்ட பொடிதான் பொய். அப்படித்தானே?”

“அப்படித்தான் அண்ணாச்சி.”

“பொடியத் தட்டிட்டு உள்ள இருக்கதக் காட்ட முடியுமா?”

“லேயரு எதையும் நான் ஒட்டல. மேல உள்ளத அணைச்சா அடியில உங்க படம் அப்படியே கெடக்கும்.”

“அப்ப மெஷின விட்டுட்டு மனுசன் கண்ணால பாக்கச் சொல்லு. சுவரு இருக்கு, கெணறு இருக்கு, நாங்க இருக்கோம்.” அண்ணாச்சி கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். “அன்னைக்கு என்னையப் பொய்யன்னு மெஷின் சொல்லுச்சு. எனக்குச் சோறு எறங்கல. இப்ப அந்தக் காவக்காரனுக்கு எறங்காது. நம்ம படம் உண்மைன்னா நமக்கு என்ன பயம்?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொம்பிலிருந்த தண்ணீரை முழுவதும் குடித்தேன். “நாளைக்கே கோர்ட்டுக்கு எழுதிக் குடுக்கேன்,” என்றேன்.

சாட்சிக் கூண்டு நான் நினைத்ததைவிடக் குட்டையாக இருந்தது. நீதிபதி அம்மா என் பக்கம் பெரிய திரையைத் திருப்பச் சொன்னார். பீடிப் படத்தை நறுக்கி, அடுக்கி, கரைத்துக் காட்டினேன். உப்புத்தரை மேலே வந்தது, பொட்டும் வந்தது. பிறகு 2033-ல் நான் செய்த உப்பளம்-1-ஐ அதன் பக்கத்தில் வைத்தேன்.

அரசு வழக்கறிஞர் எழுந்தார். “இந்தப் புள்ளியை ஏன் வைத்தீர்கள்?”

“திருஷ்டிக்கு ஐயா.”

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “கணினியில் செய்த ஒரு வடிவத்துக்குக் கண்பட்டுவிடும் என்று நம்பினீர்களா?”

“இப்ப பட்டிருக்குல்லா,” என்றேன்.

“இதே வடிவத்தை இருநூற்றுப் பதினான்கு அரசு ஆவணங்களில் நீங்களே போட்டிருக்கிறீர்கள். அதாவது, ஆவணங்களைத் திருத்தினீர்கள்.”

“ஆமா ஐயா. நான்தான் போட்டேன். வேற யாருக்கும் இதுல பங்கு கெடையாது. எப்படிப் போடணும்னு அந்தத் தெருவுல என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.”

நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். “மூலக் கோப்புகள் வைத்திருக்கிறீர்களா?”

“இருக்கும்மா.”

“எத்தனை?”

“இருநூத்திப் பதினாலும் இருக்கு. ஒண்ணையும் ஒட்டல.”

கோப்புகளைப் பதிந்து எடுத்துவந்திருந்த பெட்டியை அங்கேயே ஒப்படைத்தேன். பல்கீஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அத்தனையும் கொடுக்க வேண்டியதில்லை, ஐந்தாறு போதும் என்று அவள் முந்தின நாளே சொல்லியிருந்தாள்.

நான் சாட்சி சொன்ன பதினோராம் நாள் ஜெயசீலன் வெளியே வந்தார். மெய்மானியின் எண்ணை மட்டும் வைத்து இனி ஒருவரையும் தண்டிக்கக் கூடாது என்று தீர்ப்பில் எழுதியிருந்தார்கள். வாசலில் அவர் மனைவி காத்திருந்தாள். அவர் பக்கத்தில் போய் நின்றார், அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அந்தப் படத்தைச் செய்தவனையும் செய்யச் சொன்னவனையும் போலீஸ் தேடுவதாகச் சொல்கிறார்கள்.

எங்கள் தெருப் பட்டாக்களை மூன்று மாதத்துக்குள் நேரில் வந்து சரிபார்க்கவேண்டும் என்பது தீர்ப்பின் இன்னொரு பகுதி. அதற்காகத் தாசில்தார் ரெங்கநாயகி வந்தார். நிதானமான பெண்மணி, வெயிலுக்குத் தொப்பி போட்டிருந்தார். வீடு வீடாக நின்று, டேப்லெட்டில் நான் கொடுத்த மூலக் கோப்பைத் திறந்து, டெக்ஸ்சர் லேயரின் ஓரத்தில் இருக்கும் கண் அடையாளத்தை அணைப்பார். அடியிலிருந்து வழவழப்பான பழைய படம் வரும். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எதிரில் இருக்கும் சுவரைப் பார்ப்பார், வாசல்படியைப் பார்ப்பார், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு இந்த வேப்பமரம் அப்போது எவ்வளவு உயரம் என்று கேட்பார். வில்சன் அண்ணாச்சி வீட்டின்முன் அவருடைய மகளே வந்து நின்றாள், கைப்பிள்ளையோடு. தாசில்தார் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அதே மூக்கு,” என்று கையெழுத்துப் போட்டார். மூன்று நாளில் இருநூற்றுப் பதிமூன்று வீடுகள் முடிந்தன. ஒன்றில்கூடப் பொய் இல்லை. தெருவில் இனிப்பு கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கடைசியாக என் வீட்டின்முன் வந்து நின்றார். வில்சன் அண்ணாச்சி ஒரு கையில் லட்டுடன் கூடவே வந்தார்.

தாசில்தார் என் வீட்டுக் கோப்பைத் திறந்தார். முதல் கண்ணை அணைத்தார். உப்பளம் மறைந்தது. என் வீடு நின்றது, இரண்டு அறை, நீலக் கதவு, எதிரில் இருப்பதைப் போலவே. கையெழுத்துப் போடக் குனிந்தவர் நிமிர்ந்தார்.

“இதுல மட்டும் மூணு லேயர் இருக்கே,” என்றார்.

இரண்டாவது கண்ணையும் அணைத்தார். வீடு போய்விட்டது. அண்ணாச்சி வீட்டுக்கும் ரேஷன் கடைக்கும் நடுவில் கவிழ்த்துப் போட்ட வள்ளம் கிடந்தது. ஓரத்தில் ஒரு வெள்ளைக் கவுனின் விளிம்பு தெரிந்தது. அதே புதுநன்மை நாளில் எடுத்த இன்னொரு படம்.

நான் இந்தத் தெருவுக்கு வந்தது 2036-ல். வள்ளம் கிடந்த காலி மனையில் தகரம் போட்டு, பிறகு சுவர் வைத்தேன். அறிவிப்பில் சொன்ன 2030-க்கு ஆறு வருடம் பிந்திவிட்டேன், அவ்வளவுதான். ஊர்ப் படங்களுக்கெல்லாம் பொடி தூவியபோது, என் படத்தில் பொடியோடு ஒரு வீட்டையும் தூவிக்கொண்டேன்.

“இந்த வீடு அப்பவே இருந்துச்சு மேடம்,” என்றார் வில்சன் அண்ணாச்சி. குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. “நான் பக்கத்து வீட்டுக்காரன். எனக்குத் தெரியாதா? தெருவே கையெழுத்துப் போடும்.”

என்னை ஒரு நாளும் அழவைக்காத மனிதர் அன்றைக்கு அழவைத்தார். எனக்கு அழுகையைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. “அண்ணாச்சி, சும்மா இருங்க,” என்றேன். “அந்த வள்ளமே உங்களதுதான். நீங்கதான் அதை இழுத்துப் போட்டு எனக்கு எடம் ஒதுக்கிக் குடுத்திய.”

அண்ணாச்சி லட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். தாசில்தார் தொப்பியைக் கழற்றினார். உண்மையாகவே புரியாமல் கேட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

“அடியில உள்ள இந்த ரெண்டு லேயரை மட்டும் ஒட்டிக் குடுத்திருந்தா யாராலயும் கண்டுபிடிச்சிருக்க முடியாதே. பட்டா வாங்கின பிறகு ஆறு வருஷம் டைம் இருந்துச்சு. கோர்ட்டுக்குக் குடுக்கறதுக்கு முந்தின நாள்கூட இருந்துச்சு. ஏன் ஒட்டல?”

“ஒட்டிட்டா பிறகு திருத்த முடியாது மேடம்,” என்றேன்.

பட்டா போய்விட்டது. ஒரு மாத அவகாசம் கொடுத்தார்கள். என்மேல் வழக்கும் இருக்கிறது. பல்கீஸ்தான் வாதாடுகிறாள். நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வதால் வாதாட எதுவும் மிச்சம் இல்லை என்று திட்டுகிறாள். இப்போது நானும் மகளும் அண்ணாச்சி தன் வீட்டின்மேல் பிற்பாடு கட்டிய மாடியில் குடியிருக்கிறோம். பீரோவைத் தூக்க ஜெயசீலன் வந்திருந்தார், வாய் நிறையப் பாக்கு. பாதிப் படியில் பீரோவை இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொண்டே, அக்காவுக்கு இந்த இடத்தில் காற்று நன்றாக வரும் என்றார். வரத்தான் செய்கிறது.

காலி செய்த அன்று காலை, வெயில் சாய்வாக விழுந்த நேரத்தில், என் பழைய வீட்டின் வடக்குச் சுவரைப் படம் பிடித்தேன். உப்புக் காற்றில் நீலம் உரிந்து, உள்ளேயிருந்த சுண்ணாம்பும் செங்கலும் தெரிந்த சுவர். நிறத்தை உறிஞ்சினேன், சதுரமாக வெட்டினேன், நான்கு ஓரங்களிலும் தையலை மறைத்தேன். நல்ல சுத்தமாக வந்தது, உப்பளம்-1-ஐவிடச் சுத்தம். வீடு-214 என்று பெயர் வைத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று போட்டிருக்கிறேன். அதற்கு முன் இடது பக்கம் கீழே பொட்டு வைத்தேன். இந்தத் தடவை எல்லோருக்கும் தெரியும்படி நல்ல கறுப்பாகவே வைத்தேன்.